கிறீஸ் பூசிய எஞ்சின்

ஊரில் வயலும் படகும் வைத்திருக்கும் பெரிய மனிதர் கந்தப்போடி, தன் சால்வையாலேயே எஞ்சினில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்தார். பெற்ற பிள்ளையின் மூக்கைத் துடைக்கிற பக்குவம். "என்ட ராசா, ரெண்டு மாசமா எங்கடா கிடந்த நீ?" என்று கொஞ்சல் வேறு.

சுனாமி அள்ளிப்போன அந்தப் படகு எஞ்சின் முந்தாநாள்தான் பெரியகல்லாற்றில், வாவிக்கரைக் கண்டல் மரங்களுக்குள் அகப்பட்டது. மூடியும் இல்லை, நம்பர்த் தகடும் இல்லை. போடியாருக்குத் தொலைந்ததும் இதே மாதிரி எஞ்சின். கேதீஸ்வரியின் புருசனை அலை கொண்டுபோனபோது கூடவே போனதும் இதே மாதிரி எஞ்சின். இருவரிடமும் எஞ்சின் வாங்கிய ரசீதுகூட மிச்சமில்லை.

எஞ்சின் யாருடையது என்று தீர்க்க மீனவர் சங்க வாசலில் ஊரே கூடியிருந்தது. எஞ்சின் கிடைத்தால் தம்பி கடலுக்குப் போவான், மூன்று பிள்ளைகளோடு முகாமை விட்டு எழும்பலாம் என்று கேதீஸ்வரி வந்து நின்றாள். போடியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எஞ்சின் என்ன நிவாரணச் சாமானா, வரிசையில் நின்றவளுக்கெல்லாம் தூக்கிக் கொடுக்க? வெட்கம் கெட்ட சனம்!

"ஏன் புள்ள, இந்த அடிப்பெட்டி போல்ட் எதால செஞ்சது தெரியுமா ஒனக்கு?"

"தெரியா போடியார். மீன் விக்கிறதுதான் என்ட வேல."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அது போதாதா? போடியாரின் குரல் ஏறியது.

"போல்ட் இரும்பு. பெட்டி அலுமினியம். உப்புத் தண்ணி பட்டா அலுமினியம் அரிச்சி, வெள்ளையாப் பூத்து, ரெண்டும் ஒண்டா இறுகிப்போகும். மறுகா யானை வந்து இழுத்தாலும் கழராது. அதுக்குத்தான் கிறீஸ் பூசிப் பூட்டுற. ஒன்ட மனிசன் பூசுவானா?"

"பூசி நான் கண்டதில்ல."

"பாத்தீங்களா! இதுகளுக்கெல்லாம் எஞ்சின் ஒரு கேடா?"

சங்கத் தலைவர் நல்லரத்தினத்துக்கே பொறுக்கவில்லை. "போடியார், செத்த மனிசன்..."

"செத்தாப்போல கெட்டிக்காரனாகிருவானா?" கையோடு கொண்டுவந்திருந்த கிறீஸ் டின்னைத் திறந்து எல்லாருக்கும் காட்டினார். "மாதம் தவறாம நானே என்ட கையால கழட்டி, இதப் பூசித்தான் பூட்டுற. ரெண்டு மாசம் என்ன, ரெண்டு வருசம் உப்புத் தண்ணிக்குள்ள கிடந்தாலும் என்ட போல்ட் ரெண்டு விரலால திருகினாலே கிறுகும். கிறுகாட்டி நான் கந்தப்போடி இல்ல! கொன்ராட், கழட்டிக் காட்டு இதுகளுக்கு."

மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்திருந்த மெக்கானிக் கொன்ராட் ஸ்பனரை மாட்டினான். போல்ட் அசையவில்லை. ஸ்பனர் நுனியில் குழாயைச் செருகி, காலை ஊன்றித் தொங்கிப் பார்த்தான்.

படக்!

போல்ட்டின் தலை தனியே முறிந்து தெறித்துப் போடியாரின் காலடியில் விழுந்தது. முறிந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தூள்.

போடியாருக்கு வந்ததே கோபம்! ஒரு சாமானைச் சாமானாக வைத்திருக்கத் தெரியாதவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. குனிந்து அந்தத் தலையை எடுத்து, கூட்டத்துக்கே தூக்கிக் காட்டினார்.

"பாருங்க கூத்த! ஒரு பொட்டுக் கிறீஸ் கண்டிருக்குமா இது? எந்த விசரன் இதப் பூட்டினவன்?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. கேதீஸ்வரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்ட மனிசன்தான், போடியார்."