மதகு திறந்தவன்

"பயப்படாதே! அவன் பேரை மட்டும் சொல்லு. இன்னிக்கே வேலையை விட்டுத் தூக்கறேன்!"

ஜீப்பின் மீது கையூன்றியபடி, நஷ்டஈட்டு ஸ்பெஷல் ஆபீசர் அழகிரிசாமி முழங்கினார். துடியலூருக்கு அந்தப் பக்கம், சாயமில் கழிவு ஓடும் ஓடைக்கரையில் ஊரே கூடியிருந்தது.

ராமாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்தப் பேரை நான் சொல்லப்படாதுங்க. தண்ணிய நிறுத்துனாப் போதுமுங்க."

மனு கொடுத்தவள் அவள்தான். அவள் கிணற்றில் இறைத்தால் சிவப்பாக வந்தது. அதைக் குடித்த கறவை மாடு நுரை தள்ளிச் செத்தது. மிச்சம் ஒரு கன்றுக்குட்டியும், உடம்பெல்லாம் கொப்புளத்தோடு படுத்துக் கிடக்கும் மகளும்தான்.

"தண்ணி தானா வருமா? ஒருத்தன் மதகைத் திறந்தாத்தானே வரும்? அவன்தான் குற்றவாளி!" என்றார் ஆபீசர். மில் முதலாளியின் ஞாபகம் அவருக்கு ஏனோ வரவில்லை. இத்தனைக்கும் காலை டிபன் முதலாளி வீட்டில்தான்.

அடுத்து, சாதனைகளுக்குத் தாவினார். அறுபத்திரண்டு எலெக்‌ஷனுக்கு முன்னால், நிலம் கெட்ட குடும்பங்களுக்கு நஷ்டஈடாக வீட்டுக்கு ஒருவருக்கு மில்லில் வேலை வாங்கித் தந்தவர் அவர்தான். அதற்காக மாலை விழுந்தது. பேப்பரில் போட்டோவும் வந்தது.

"உன் வீட்டுக்காரருக்கும் கிடைச்சுதல்ல?"

"கெடைச்சுதுங்க. அந்தச் சம்பளத்துலதான் அடுப்பெரியுதுங்க."

"கேட்டுக்குங்க!" என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார் ஆபீசர். டவாலி சேவகன் கைதட்டினான். என்ன வேலை என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

மில்லில் மூணு மணிச் சங்கு ஊதியது.

"கன்னுக்குட்டியப் புடிங்க!" என்று கத்திக்கொண்டே ராமாமணி ஓடினாள். அதன் கயிற்றைப் பிடித்து மேட்டுக்கு இழுத்து வருவதற்குள், ஓடையில் சிவப்புத் தண்ணீர் புரண்டு வந்து ஆபீசரின் வெள்ளைக் கான்வாஸ் ஷூவை நனைத்தது.

அவர் துள்ளிக் குதித்தார். "என் கண்ணு முன்னாலேயே திறக்கறானா! என்ன திமிர்! ஏம்மா, அவன் உன்னை மிரட்டி வெச்சிருக்கானா?"

"இல்லீங்க."

"வீட்டுப் பக்கம் வருவானா?"

"தெனமும் வாராருங்க."

"தினமுமா! பார்த்தியாய்யா அக்கிரமத்தை?" என்று சேவகனிடம் பொருமினார் ஆபீசர். "பொம்பளை வீட்டுக்குத் தினமும் வர்றானாம், கேட்க நாதியில்லை! போலீஸ் காவல் போடறேன். ஏம்மா, கடைசியாக் கேக்கறேன், யார் அவன்?"

ராமாமணி பக்கத்துத் தோட்டத்துப் பொங்கியண்ணனைப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க." அவர் மழை வருமா என்பதுபோல் வானத்தைப் பார்த்தார்.

"நீங்க சொல்லாட்டி என்ன? நான் மில்லுக்கே போறேன். மதகுல நிக்கறவனைக் கையோட பிடிச்சு ஜெயில்ல தள்ளறேன்!" ஆபீசர் ஜீப்பில் தாவி ஏறினார்.

கன்றுக்குட்டியை விட்டுவிட்டு ஓடிவந்த ராமாமணி, ஜீப்பின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்க ஊட்டுக்காரருக்கு நட்டஈடுன்னு நீங்க வாங்கிக் குடுத்த வேலையே அதுதானுங்க!"