அடித்த பிறகும் நில்லுங்கள்

"அடிச்சதும் உடனே ஃபோன்கிட்ட ஓடி வராதீங்க சார். அப்படியே நில்லுங்க," என்றார் திரையில் இருந்த மாஸ்டர்.

பூதக்கண்ணாடிக்குச் சுருக்கென்றது. மறுபடியும் அதே பேச்சு.

சிவப்புப் பந்து விழுந்துவிட்டது. வெள்ளைப் பந்து நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி எங்கோ ஓடியும் விட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆட்டம் முடிந்து சும்மா நிற்கிற ஆளைப் பார்த்து இந்த மனிதர் என்ன ஸ்னூக்கர் சொல்லித் தரப் போகிறார்?

பூதக்கண்ணாடி என்பது ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர். விபத்தில் அடிபட்டுவிட்டது என்று சொல்லி இன்சூரன்ஸ் பணம் கேட்பவர்களின் வீடியோக்களைப் பார்ப்பதுதான் அவர் வேலை. கையில் கட்டோடு முனகிக்கொண்டே வந்தவர், அடுத்த தெருவில் காஸ் சிலிண்டரை அலேக்காகத் தூக்கிக்கொண்டு போவதைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது. அதை அவரே அடிக்கடி சொல்லியும் கொள்வார்.

அப்படிப்பட்டவரை ஆன்லைனில் ஒருவர் ஏமாற்றுவதா?

கிளப் அணியில் அவருடைய இடம் இந்த வருஷம் ஆட்டம் கண்டிருந்தது. வெள்ளைப் பந்து சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மெல்லத் தட்டினால் மூலைக்கு ஓடுகிறது. பின்னால் இழுக்க நினைத்து அடித்தால் பாதி வழியில் படுத்துக்கொள்கிறது. அவர் எப்போது விழுவார், எப்போது உள்ளே நுழையலாம் என்று காத்திருப்பவன் மனைவியின் தம்பி.

இந்த மாஸ்டரைப் பிடித்துக் கொடுத்ததும் அதே மச்சினன்தான்.

"நல்லா சொல்லித் தருவார் மாமா. கேமரால பார்த்தே தப்பைப் பிடிச்சிடுவார்," என்றான். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பூதக்கண்ணாடி அதை அப்போதே மனதில் குறித்துக்கொண்டார்.

மாஸ்டரோ சரியான கல்லுளிமங்கன். சிரிக்க மாட்டார், முகத்தில் ஒரு சலனம் இருக்காது. வாயால் சொல்வார். இத்தனை வகுப்பில் ஒரு பந்தைக்கூட அடித்துக் காட்டியதில்லை. கேட்டால், இன்றைக்கு உங்கள் ஆட்டத்தைப் பார்ப்போம் என்று நழுவிவிடுவார்.

கேட்கிற கேள்விகளும் ஒரு தினுசு. சட்டைப் பொத்தான் போட முன்னைவிட நேரமாகிறதா? கையெழுத்து சின்னதாகிவிட்டதா? காபி வாசனை தெரிகிறதா? ஸ்னூக்கருக்கும் காபிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இல்லாததைக் கேட்கிறவன் வேறு எதற்கோ கேட்கிறான். அது அவர் தொழிலில் முதல் பாடம். இங்கே கறந்து அங்கே மச்சினனிடம் போட்டுக் கொடுக்கிறார் என்று முடிவு கட்டினார். அன்றிலிருந்து, ஆட்டத்தை ஃபோனில் பிடித்து மாஸ்டருக்கு அனுப்புகிற வீடியோவில் பந்து நின்றதும் மீதியை வெட்டிவிடுவார். வெட்டாமல் அனுப்புங்கள் என்று மாஸ்டர் கெஞ்சிப் பார்த்தார். நடக்காததால் இன்று நேரடியாக வீடியோ காலில் வந்துவிட்டார்.

போதாக்குறைக்கு கிளப்பில் தருகிற சாக்கட்டியும் மட்டம். பந்தை அடிக்கும் க்யூ கோலின் நுனியில் தடவிக்கொள்ளும் அந்த நீலக் கட்டி அவர் கையில் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பேண்டின் வலது பக்கம் மட்டும் எப்படி நீலக்கறை வருகிறது என்று துவைக்கும்போதெல்லாம் மனைவி திட்டினாள். மச்சினன் பேண்ட் மட்டும் சுத்தமாக இருப்பதை அவர் கவனித்திருந்தார். நல்ல கட்டிகளை அவன் முன்கூட்டியே எடுத்து ஒளித்துவிடுகிறான் போல.

"இன்னொண்ணு அடிங்க. அடிச்சுட்டு நில்லுங்க."

அடித்தார். சிவப்புப் பந்து மேஜை மூலைப் பைக்குள் விழுந்தது. வெள்ளை வழக்கம்போல முரண்டு பிடித்தது. அவர் நிமிர்ந்து நின்றார். க்யூவை இடது கையில் மாற்றிக்கொண்டு, வலது கையில் சாக்கட்டியை எடுத்தார். மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"மாஸ்டர், ஒரே ஒரு தடவை நீங்க அடிச்சுக் காட்டுங்க. அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் நிக்கிறேன்."

மாட்டினார் ஆள் என்று உள்ளுக்குள் ஒரு குஷி. பதிலுக்கு நேரம் எடுத்தால் பொய் தயாராகிறது என்று அர்த்தம்.

மாஸ்டர் நேரம் எடுத்தார். பிறகு திரையில் படம் ஆடியது. முகம் விலகி, கேமரா கீழே இறங்கியது.

மடியில் ஒரு வலது கை கிடந்தது. ஒன்றையும் பிடித்திராத அந்தக் கையின் கட்டைவிரல், பக்கத்து விரல்மேல் எதையோ உருட்டுவது போல ஓயாமல் உரசிக்கொண்டிருந்தது.

"எனக்கும் முதல்ல வெள்ளைப் பந்துலதான் சார் தெரிஞ்சுது," என்றது குரல். "நடுக்குவாதம். கை வேலை செய்யும்போது நடுக்கம் தெரியாது. சும்மா இருக்கும்போதுதான் வரும். நான் டாக்டர் இல்ல, நீங்க ஒருத்தரைப் போய்ப் பாருங்க. உங்க கையில இதை முதல்ல கவனிச்சது உங்க மச்சினன்தான். தான் சொன்னா மாமா நம்ப மாட்டாருன்னு என்கிட்ட அழுதார்."

பூதக்கண்ணாடி பழக்கதோஷத்தில், ஆதாரம் என்ன என்று கேட்க வாயைத் திறந்தார்.

ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டுக் கீழே பார்த்தார்.

தொடையை ஒட்டித் தொங்கிய கையில் சாக்கட்டி பேண்டின்மேல் தேய்ந்துகொண்டிருந்தது.

அவர் தேய்க்கவில்லை.