ஞாயிற்றுக்கிழமை மண்டபம்

“அடுத்த ஞாயிறு பெரிய ஹாலே தர்றேன், அங்கிள். வாடகைகூட வேணாம். இந்த ஞாயிறை மட்டும் விட்டுக் கொடுங்க” என்றாள் மமதா.

“முடியாதும்மா. எனக்கு இந்த ஞாயிறுதான் வேணும்” என்றார் தம்மபாலன்.

பெரிய ஹால் சும்மா கிடைத்தால் எந்தக் கல்யாணப் பெண்ணின் அப்பா வேண்டாம் என்பார்? இவர் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனுஷனுக்கு இவ்வளவு வீம்பு ஆகாது.

ராபர்ட்சன்பேட்டையில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தை மமதாவும் அவள் தம்பி சுனிலும் பங்குதாரர்களாக எல்.எல்.பி. என்ற கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்து நடத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை புக்கிங் என்றால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். சுனில் தனியாகவே கையெழுத்துப் போட்டுத் தம்மபாலனுக்குத் தேதி கொடுத்துவிட்டான். அது தெரியாமல் மமதா அதே நாளை ஒரு பெங்களூர் கம்பெனி விழாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

“நீங்களே சொல்லுங்க மேடம், அவன் ஒருத்தன் போட்ட கையெழுத்து செல்லுமா?” என்று தான் அழைத்து வந்திருந்த வக்கீல் ஜெனிட்டாவைக் கேட்டாள்.

ஜெனிட்டா தம்மபாலன் பக்கம் திரும்பினாள். “சுனில் பார்ட்னர்னு உங்களுக்குத் தெரியும். ரெண்டு கையெழுத்து வேணும்ங்கிறது தெரியுமா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?”

“அப்போ செல்லும், மமதா. உங்களுக்குள்ள இன்னா விதி வச்சிருக்கீங்கன்னு வெளியாளு வந்து தோண்டிப் பார்க்க வேண்டியதில்ல. சட்டம் அவர் பக்கம்தான்.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவள் போல மமதா விழித்தாள்.

தம்மபாலன் தலையாட்டினார். சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டான கேஜை இழுக்கும் இன்ஜினை ஓட்டியவர். “கீழ லெவல்ல யாரு மணி அடிச்சான்னு நான் இன்னா எறங்கிப் போயா பார்த்தேன்? மணி கேட்டா கேஜை ஏத்துவேன். அதே நாயம்தான்.”

மமதா பெருமூச்சு விட்டாள். “சரி, கம்பெனிக்காரங்கள நான் சமாளிச்சுக்கறேன். அப்படி இன்னா அங்கிள் இந்தத் தேதியில?”

“இந்த மண்டபமும் தேதியும் எங்க ஓவியாவே தேடிப் பிடிச்சது. சொந்தக்காரங்க, அவ ஆபீஸ்காரங்க எல்லாரும் லீவு போட்டுட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா மறுபடி போன் பண்ணிப் பேச எனக்குத் தெம்பு இல்லம்மா.”

“மேடைக்கு அலங்காரம்?”

“ஒரு மாலை போதும். நாற்காலி நெறைய போடுங்க.”

“மேளம்?”

“வேணாம். பந்தேஜி வந்து பிரித் ஓதுவாரு.”

பௌத்தக் குடும்பத்துக் கல்யாணம், பிக்கு வந்து ஓத எளிமையாகத்தான் செய்வார்கள் என்று மமதா நினைத்துக்கொண்டாள். கோபம் தணிந்து பேனாவை எடுத்தாள்.

“வாசல் போர்டுக்குப் பேரு சொல்லுங்க. பொண்ணு ஓவியா. மாப்பிள்ளை?”

தம்மபாலனுக்குக் கண் கலங்கியது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கும் அப்பாக்கள் இந்த இடத்தில் கலங்குவது வழக்கம்தான் என்று ஜெனிட்டா தண்ணீர் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அதைத் தொடவில்லை.

“போர்டுல அவ பேரு மட்டும் போதும்மா. மாப்பிள்ளை, அவ படத்தைத் திறந்து வைக்க வர்றாரு.”