புற்றுக்குள் ஊற்றிய மஞ்சள்

குடத்து மஞ்சள் நீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் புற்றுக்குள் ஊற்றிவிட்டு, கரையின் மறுபக்கச் சரிவில் விறுவிறுவென்று இறங்கினேன். வெள்ளிக்கிழமை பூசைக்குக் கரைப்பதைவிட நாலு பங்கு மஞ்சள்.

கரை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். சுங்கை பூலோவில் சீவரத்தினம் ஐயா தன் மீன் குளத்துக்குப் போட்ட மண்கரை. இரண்டு ஆள் உயரம். அதன் காலடியில் எங்கள் பதினான்கு வீடுகள்.

ஒரு வாரமாக விடாத மழை. குளம் விளிம்பைத் தொட்டு நிற்கிறது. கரையின் அடியில் தண்ணீர் கசிகிறது, புற்றுதான் உள்ளே குடைகிறது, இடித்து மண் போட்டு இறுக்க வேண்டும் என்று மடை பார்க்கும் அய்யாவு மூன்று நாளாகத் தொண்டை கிழியக் கத்துகிறார்.

யார் கேட்டார்கள்? ஒன்பது வருடமாகப் பாலும் முட்டையும் வைத்த புற்று. கரையைக் காப்பதே ஆத்தாதான் என்று எல்லாருக்கும் நினைப்பு. மண்வெட்டியோடு வந்த அய்யாவுவைப் பக்கத்து வீட்டுப் பவுனம்மாள் விளக்குமாற்றால் விரட்டினாள்.

கசிவின் பக்கத்தில் குந்தினேன். பூசைக்கு வந்த பெண்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

வெற்றிலை மடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. தெளிவாக வந்த தண்ணீர் மஞ்சளாக வந்தது.

புற்றிலிருந்து இங்கே வரை உள்ளே வழி விட்டிருக்கிறது. குளத்துத் தண்ணீர் அதில் புகுந்தால் எங்கள் பிள்ளைகள் யாரும் மிஞ்சமாட்டார்கள்.

பெண்களோ அற்புதம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர்களுக்கு விளக்கிச் சொல்லி எந்தக் காலத்தில் முடிப்பது!

கொண்டையை அவிழ்த்தேன். எனக்குச் சாமியாடத் தெரியாது. திருவிழாக்களில் பார்த்ததையெல்லாம் சேர்த்து ஆடினேன்.

“இந்த எடம் எனக்கு வேணாம்டா! என்னைய மேட்டுல கொண்டு வை. மடையத் தொறந்து தண்ணிய எறக்கு, புத்த இடிச்சு மண்ணப் போட்டு மிதி. அதுவரைக்கும் ஒரு பிள்ளையும் கீழ இருக்கக் கூடாது!”

அய்யாவு மடைக்கு ஓடினார். பிள்ளைகளும் பானைகளும் மேட்டுக்குப் போயின. தண்ணீர் பாதியாக இறங்கியதும் புற்றை இடித்தார்கள். உள்ளே கையை விட்டால் தோள்வரை போனது. முதல் கூடை களிமண்ணைக் கொட்டியது பவுனம்மாள்தான்.

மறுநாள் காலை கரையடியில் வெறும் ஈரம். நான் நினைத்தால் நடக்காதா என்ன?

அய்யாவு மட்டும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“வீரம்மாக்கா, நெசமாவே ஆத்தாதான் வந்தாளா?”

வேறு யார் வருவார்கள் என்று அதட்டி அனுப்பினேன்.

ஒன்பது வருடத்துக்கு முன், எங்கள் வீடுகளை இடிக்க சீவரத்தினம் ஐயா லோரியில் ஆள் கொண்டுவந்தார். அன்று விடியற்காலையில் கரைமேல் இருந்த புற்றுக்குக் குங்குமம் வைத்து, ஐந்து தலை நாகத்தைக் கண்டேன் என்று ஊரைக் கூட்டியதும் நான்தான். ஐயா செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

நான் கண்டது கறையானைத்தான்.