செருப்பைத் துவைத்தவள்

"வாஷிங் மெஷினுக்குள்ள செருப்பைப் போட்டு ஓட விட்டிருக்காங்க, சிஸ்டர். சோப்புத்தூள் வேற."

நூலக வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு அம்மாவை மனநல மருத்துவமனைக்கு இழுத்து வந்திருந்தாள் மகள். எழுபத்தெட்டு வயது அம்மாவோ, தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாதது போல மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் படிவத்தை எடுத்தாள். "தூக்கம் எப்படி?"

"எங்க தூங்குறாங்க? மூணு மணிக்கு நான் எழுந்து ஹால்ல நடந்தா, இவங்களும் வந்து கதவோரமா நிக்கிறாங்க."

"எரிச்சல் படுறாங்களா?"

"என்னைத்தான் படுத்துறாங்க. வேர்த்துக் கொட்டுதேன்னு ஜன்னலைத் திறந்தா, குளிருதுன்னு போர்வையை இழுத்துப் போர்த்திக்கிறாங்க. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினாலாவது மனசு ஆறும்."

"அழுகை?"

"நான் அழுதா பக்கத்துல உக்காந்து தானும் அழுவாங்க. ஒரு காரணமும் இருக்காது."

நர்ஸின் பேனா நின்றது. "நீங்க எதுக்கு அழுறீங்க?"

"உடம்பு சரியில்லாதது எனக்கா இவங்களுக்கா?"

கத்திய கையோடு மகளுக்கு வெட்கமாகிவிட்டது. கண் கலங்கியது. கொஞ்ச நாளாகவே இப்படித்தான், தொட்டதற்கெல்லாம். எல்லாம் அம்மா படுத்தும் பாடு. இருப்பது அம்மா ஒருத்திதான், அவளும் புத்தி பேதலித்துப் போய்விடுவாளோ என்ற பயம் வேறு.

உள்ளே, டாக்டர் படிவத்தை நிதானமாகப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மாதவிடாய் நின்னு எவ்வளவு நாளாச்சு?"

"அது ஆகியிருக்கும் டாக்டர், இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல. அதைப் போய் இப்ப எதுக்கு..."

"உங்களைத்தான் கேட்டேன். அம்மா போன வாரமே ஃபோன்ல பதிவு பண்ணிட்டாங்க. உங்க பேர்ல. வயசு அம்பத்திரண்டுதானே?"

மகள் விருட்டென்று திரும்பினாள்.

அம்மா அப்போதுதான் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எனக்கும் அந்த வயசுல இப்படித்தான்டீ இருந்துச்சு. கூட்டிட்டு வர ஆளில்ல. இப்ப உன்னை டாக்டர்கிட்ட போலாம்னு நாலு தடவை கூப்பிட்டேன், எனக்கென்ன பைத்தியமான்னு கத்தின. நான் செருப்பைத் துவைச்சாத்தான் நீ கிளம்புவேன்னா, நான் வேற என்ன செய்ய?"