ஒரு சொட்டுக்கூட

"ஒரு சொட்டுக்கூட தரையில விழக் கூடாது மாஸ்டர். விழுந்தா என் குடும்பம் அவ்வளவுதான்."

சீட் தைக்கும் மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, எதிரே நின்ற கணக்கு வாத்தியாரை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்கூட்டருக்கு மழைக் கூண்டு தைக்க வருகிறவர்கள் தலை நனையக் கூடாது என்பார்கள், முழங்கால் நனையக் கூடாது என்பார்கள். தரையைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆசாமி இவர்தான்.

"பின் சீட்டுக்கு மட்டும் போதும். நான் நனைஞ்சா பரவாயில்ல," என்றார் வாத்தியார்.

"உங்க வீட்டுக்காரம்மாவுக்கா சார்?"

"ம்."

"கொடுத்து வெச்ச மகராசி!" தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் மனைவி நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தாள். "இருபது வருஷமா ஊருக்கெல்லாம் மழைக் கூண்டு தைக்கிறார் எங்க வீட்டுக்காரர். எனக்கு ஒரு குடை வாங்கித் தந்ததில்ல."

வாத்தியார் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரின் பின் சீட்டில் தடித்த துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்து, கையோடு கொண்டுவந்திருந்த மூடி போட்ட வாளியில் பிழிந்தார். கொடகொடவென்று தண்ணீர் கொட்டியது. அவசர அவசரமாக வேறொரு துண்டை எடுத்துக் கட்டினார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"வண்டியைக் கழுவிட்டு வந்தீங்களா சார்?"

"இல்ல."

"சரி, அந்தத் தண்ணியை அப்படியே வாசல்ல ஊத்திடுங்க."

"ஐயோ, வேணாம்!" வாத்தியார் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டார். "எங்க இருந்து வந்துச்சோ அங்கேயே, ஆத்துல கொண்டுபோய் ஊத்திடுவேன்."

மனைவி மாஸ்டரைப் பார்த்துக் கண்ணடித்தாள். கணக்குப் போட்டுப் போட்டு மனுஷனுக்கு மறை கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

அவர் வரைந்து கொண்டுவந்த படம் அதைவிட வேடிக்கை. மேல் துணி கீழ்த் துணியின்மேல் ஏறி நின்றால்தான் மழை வழிந்து வெளியே ஓடும். இவரோ மேல் துணியைக் கீழ்த் துணிக்குள் செருகச் சொன்னார். ஜிப்பின் பிடி வெளிப்பக்கம் மட்டும் இருக்க வேண்டுமாம். அடியிலும் ரெக்சின் விரித்து, ஓரத்தைத் தொட்டி மாதிரி தூக்கித் தைக்க வேண்டுமாம்.

"சார், எல்லாம் தலைகீழா இருக்கே! இப்படித் தெச்சா மழைத் தண்ணி உள்ளதான் இறங்கும். உள்ள இருந்து ஜிப்பைத் திறக்கவும் முடியாது. அம்மாவுக்கு மூச்சு முட்டாதா?"

"அவளுக்கு முட்டாது."

"பேசாம அவங்களை பஸ்ல அனுப்பிடலாமே?"

"ரெண்டு வண்டி மாத்திப் பார்த்துட்டேன் மாஸ்டர். எது வாங்கினாலும் என் பின்னாடிதான் ஏறிக்கிறா." வாத்தியார் வாளியின் மூடியை இன்னும் இறுக்கினார். "வீடெல்லாம் ஈரம் சொட்டிச் சொட்டி, ஆள் இருக்க முடியாம ரெண்டு ரூமைப் பூட்டியாச்சு. மிச்சம் இருக்கறது என் பொண்ணு படுக்கிற ரூம் ஒண்ணுதான். அதுக்கு அஞ்சு வயசு."

பூஞ்சை பூத்த சுவர்களும் இருமுகிற குழந்தையும் மாஸ்டரின் கண்ணுக்குள் வந்து போயின. பாவமாக இருந்தது.

"கவலைய விடுங்க சார். நான் தெச்ச கூண்டு ஒண்ணுகூட இதுவரைக்கும் குறைன்னு திரும்பி வந்ததில்ல."

வாத்தியார் நகரவில்லை. அரை மணிக்கு ஒரு துண்டு மாற்றிக்கொண்டு அங்கேயே காவல் கிடந்தார். சாயங்காலம் நாலு மணிக்குக் கூண்டு தயாராகிப் பின் சீட்டின்மேல் ஏறியது. அவரே உள்ளே கைவிட்டுத் துண்டை உருவி வாளிக்குள் போட்டார். சர்ரென்று ஜிப்பை இழுத்து மூடினார். குனிந்து தரையை வெகுநேரம் பார்த்தார். சிமெண்ட் காய்ந்து கிடந்தது.

அப்படியே முக்காலியில் சரிந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி தேம்பித் தேம்பி அழுதார்.

"ஒரு வருஷத்துல இன்னைக்குத்தான் மாஸ்டர் நிம்மதியா உக்கார்றேன்."

"இருங்க சார், சூடா டீ போட்டு எடுத்துட்டு வரேன்," என்று மாஸ்டரின் மனைவி கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாள்.

சுவரில் சாய்ந்த வாத்தியார் அடுத்த நிமிடமே கண்ணயர்ந்துவிட்டார். மாஸ்டர் கத்தரிக்கோலையும் பசை டப்பாவையும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுத் திரும்பினார். கூண்டின் கண்ணாடித் தாள் உள்பக்கமாக வெள்ளையாய் மூடுபனி பிடித்திருந்தது. வாத்தியாரின் தோளைத் தட்டினார்.

"சார், எழுந்து பார்த்துட்டுப் பயந்துடாதீங்க. மூடி வெச்சா உள்ள இப்படித்தான் வேர்க்கும். அது தேங்கி நிக்கக் கூடாதுன்னு, நீங்க கேக்காமலே அடி மூலையில ஒரு ஓட்டை போட்டு பித்தளை வளையம் அடிச்சிருக்கேன். யாருக்குத் தெச்சாலும் அது ஒண்ணை நான் விடறதில்ல."

வாத்தியார் தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

"பாவி மனுஷா! மழை உள்ள வராம இருக்கவா கேட்டேன்? அவ வெளிய வராம இருக்கத்தானே கேட்டேன்! வெள்ளத்துல அவளை விட்டுட்டு நான் மட்டும் கரையேறி ஒரு வருஷம் ஆச்சு. சொட்டு விழுற இடத்துல எல்லாம் அவ இறங்கிடறா மாஸ்டர்!"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. அங்கிருந்து புறப்பட்ட ஈரக் காலடிகள் அவரை உரசிக்கொண்டு நடந்து, சமையலறைக்குள் போயிருந்தன.

உள்ளேயிருந்து மாஸ்டரின் மனைவியின் குரல் கேட்டது.

"வாங்கக்கா! அடடா, என்ன இப்படித் தொப்பலா நனைஞ்சு வந்திருக்கீங்க... வெளிய மழையா?"