பூனைக்கண்ணி சுடவில்லை

“ரயில் படத்துல தொப்பிக்காரனைச் சுட்டது பூனைக்கண்ணிதானேங்க?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த கணவரின் காதருகே குனிந்து அவள் கேட்டதும், எதிரே உட்கார்ந்திருந்த கணவரின் நண்பர் கண்ணாடிக் கடைக்காரருக்குச் சுருக்கென்றது. பழைய ஹாலிவுட் படங்களைக் கரைத்துக் குடித்த மனிதர் அவர். தொப்பிக்காரன், பூனைக்கண்ணி என்பதெல்லாம் வாயில் நுழையாத நடிகர் பெயர்களுக்கு நண்பர்கள் வைத்துக்கொண்ட செல்லப் பெயர்கள்.

“பூனைக்கண்ணி துப்பாக்கியைத் தொடவே இல்லம்மா. சுட்டது டிக்கெட் பரிசோதகர்” என்றார் பொறுமையாக.

அவள் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஓர் அசைவும் இல்லை.

மூளையில் ரத்தம் கட்டி அவர் விழுந்து ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது. மூச்சு சீராகத்தான் வந்தது. கண்தான் திறக்கவில்லை. காது கேட்டாலும் கேட்கும், அவருக்குப் பிடித்ததைப் பக்கத்திலிருந்து பேசிக்கொண்டே இருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வாரத்துக்குள் ஒரு விரலாவது அசைந்தால் நம்பிக்கை வைக்கலாம். இல்லாவிட்டால் மனசைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார்.

அவருக்குப் பிடித்தது சினிமா ஒன்றுதான். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. சனிக்கிழமையானால் அவர் வீட்டு முன்னறையில் நண்பர்கள் கூடிவிடுவார்கள். ஒரு கறுப்பு வெள்ளைப் படம் ஓடும். பிறகு எந்த டைரக்டருக்கு மழையை எடுக்கத் தெரியும், எந்த விமர்சகர் யாரை வயிற்றெரிச்சலில் திட்டி எழுதினார் என்று பேச்சு நீளும். யாராவது ஒரு தகவலைத் தப்பாகச் சொல்லிவிட்டால் போதும், வீட்டுக்காரரின் ஆள்காட்டி விரல் தானாக மேலே எழும்பிவிடும். “ஒரு நிமிஷம்” என்பார். அப்புறம் அவரை யாராலும் உட்கார வைக்க முடியாது.

கல்யாணத்தன்றும் அப்படித்தான். மணப்பெண் அசப்பில் பூனைக்கண்ணி மாதிரி இருக்கிறாள், அந்தப் பனிமலைப் படத்தில் வருவாளே என்று போட்டோ எடுத்த நண்பர் வாய் தவறிச் சொல்லப் போக, பனிமலைப் படத்தில் பூனைக்கண்ணி இல்லவே இல்லை என்று மாப்பிள்ளை விரலைத் தூக்கிவிட்டார். தூக்கிய விரலோடும், திருதிருவென்று விழிக்கும் பெண்ணோடும் அந்தப் போட்டோ முன்னறைச் சுவரில் இன்னும் தொங்குகிறது.

அந்த விரல்தான் இப்போது போர்வைமேல் துவண்டு கிடந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் கடையை மருமகனிடம் விட்டுவிட்டுத் தினமும் சாயங்காலம் வந்துவிடுவார். நண்பன் மனசு குளிரும்படி ஒவ்வொரு படமாக எடுத்துப் பேசுவார். ஆனால் அவர் நான்கு வார்த்தை பேசுவதற்குள் அவள் குறுக்கே புகுந்து எதையாவது உளறிவைப்பாள். பனிமலைப் படம் கலர் படம் என்பாள். தொப்பிக்காரனும் மீசைக்காரனும் கூடப் பிறந்தவர்கள் என்பாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று இவரும் திருத்திக்கொண்டே வந்தார். சனிக்கிழமைகளில் எல்லோருக்கும் டீ வைத்துவிட்டு, பின்னால் ஒரு மூலையில் துணி மடித்துக்கொண்டிருப்பாளே தவிர, அவள் படம் பார்த்தாளா என்றுகூட யாரும் கவனித்ததில்லை.

டாக்டர் சொன்ன வாரம் இன்றோடு முடிகிறது.

“தொப்பிக்காரனோட முதல் படத்தை விமர்சகருங்க எல்லாம் ஆஹா ஓஹோன்னு புகழ்ந்தாங்களாமேங்க?” என்று மறுபடி ஆரம்பித்தாள்.

கண்ணாடிக் கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “கிழிச்சுத் தொங்கவிட்டாங்கம்மா. தெரியலைன்னா சும்மா இருக்கக் கூடாதா? இதெல்லாம் காதுல விழுந்தா அவன் எவ்வளவு வேதனைப்படுவான்?”

அவள் எழுந்தாள். “அண்ணா, கொஞ்சம் வெளிய வாங்க” என்றாள்.

மருந்து வாடை அடித்த நடைபாதையில், சக்கர நாற்காலி ஒன்று கடந்து போகும்வரை காத்திருந்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்:

“கோவிச்சுக்காதீங்கண்ணா. நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்.”

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நண்பன் அச்சகத்தில் சேரும் முன்பிருந்தே ஒட்டிக்கொண்ட சிநேகம். கடைசி நேரத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாதென்றால்?

“நான் என்னம்மா தப்பு பண்ணேன்?”

“ஒரு தப்புகூட பண்ண மாட்டேங்கறீங்களே, அதாண்ணா.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சுட்டது டிக்கெட் பரிசோதகர்தான். இடது கையால சுடுவான். பனிமலைப் படம் கறுப்பு வெள்ளை. மீசைக்காரனுக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாது. எல்லாம் எனக்கும் தெரியும்ணா, துணி மடிக்கறதுக்குக் கண்ணு எதுக்கு? யாராவது தப்பா சொன்னா இவரால படுத்துக் கிடக்க முடியாதேன்னுதான் வாய்க்கு வந்ததை எல்லாம் சொல்லிப் பார்க்கறேன். நீங்க உடனுக்குடனே திருத்திட்டா, அவர் எதுக்குண்ணா கண்ணைத் திறக்கணும்?”

கண்ணாடிக் கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் வெகு நேரம் துடைத்தார். பிறகு உள்ளே போய், நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் மறுபக்கம் வந்து நின்றாள். இருவர் பார்வையும் போர்வைமேல் கிடந்த அந்த விரலில் இருந்தது.

சினிமா விஷயத்தில் பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை தப்பாகப் பேசியறியாத மனிதர், நண்பனின் காதில் வாயை வைத்துத் தெளிவாகச் சொன்னார்:

“டேய், உன் சம்சாரம் சொல்றதுதான்டா சரி. சுட்டது பூனைக்கண்ணிதான்.”